காத்துக்கிடக்கிற வேலையும் சிகரெட்டும்

மண்டபம் வடகடல் பக்கம் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவரிடம் எனக்குக் கணக்குப்பிள்ளை வேலை. நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் வேலை என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பாதி நேரம் காத்துக்கிடப்பதுதான் வேலையே. கடலுக்குப் போக மீன்துறை கொடுக்கிற டோக்கனுக்கு நிற்கணும், ஐஸ் வண்டிக்கு நிற்கணும், டீசலுக்கு நிற்கணும், கடலுக்குப் போன போட் மறுநாள் விடியக்காலையில் கரை சேரும்வரை பார்த்துக்கொண்டிருக்கணும், மீன் இறங்கினபிறகு அதை வாங்குகிற கம்பெனிக்காரர் வாயைத் திறந்து விலை சொல்லும்வரை அதற்கும் நிற்கணும். நான் பிடித்த சிகரெட்டில் முக்கால்வாசி இப்படி நின்ற நேரத்தில் பிடித்ததுதான். இறால் தனி, கணவாய் தனி, சங்காயம் என்கிற கழிசல் மீன் தனி என்று எடை போட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த நினைப்பே வராது.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது வலை பின்னுகிற ஒரு பெரியவர். காட்டிக்கொடுத்தார் என்பதைவிடத் திட்டினார் என்று சொல்வதுதான் சரி. இப்போதைய வலையெல்லாம் பிளாஸ்டிக் நூல். ஒரு பொறி விழுந்தால் போதும், கண்ணி சுருண்டு உருகிக் கெட்டியாகிவிடும், அந்த இடத்தை அறுத்தெடுத்துவிட்டுத் திரும்பப் பின்ன வேண்டும். சிகரெட்டோடு நான் பக்கத்தில் போனதும் ஊசியைக் கீழே வைக்காமலே, "தம்பி, அதத் தூரப் போட்டுட்டு வா, இல்லேன்னா நீ தூரப் போ" என்றார். போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். ஐஸ் வண்டி வருகிறவரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம், கை பாக்கெட்டுக்குப் போகவே இல்லை.

அப்புறம்தான் காத்துக்கிடக்கிற நேரத்தையெல்லாம் வலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். சும்மா உட்காரவிடுகிற ஆளா அவர்? ஊசியில் நூல் சுற்றக் கொடுத்தார், பிறகு சின்னக் கிழிசல்களைக் கொடுத்தார். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துக் கண்ணி அளவைப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் முடிச்சுப் போட வேண்டும். இரண்டு கையும் மாட்டிக்கொண்டால் சிகரெட்டை எதால் பிடிப்பது? ஆசை வருகிறது, நாலைந்து நிமிடம் பிடுங்குகிறது, போய்விடுகிறது.

முழுசாக விட்டது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61. ஏலம் இல்லை, டோக்கன் இல்லை, விடியக்காலை முழிப்பு இல்லை. போட்டைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பதும் வலை பார்ப்பதும்தான் வேலை. விட நினைக்கிறவனுக்கு அரசாங்கமே லீவு கொடுத்த மாதிரி. ஆனாலும் முதல் மூன்று நாள் யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன். நிகோடின் இரத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும், அதற்குப் பழகின உடம்பு அடுத்ததைக் கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம், பிறகு சில வாரங்களில் படிப்படியாகத் தணியும். அந்த நாட்களுக்கு மட்டும் மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் கம் வாங்கிக்கொண்டேன். அதைச் சூயிங்கம் போல் மென்று தள்ளினால் விக்கல்தான் வரும். நாலு தடவை மென்று, காரம் ஏறினதும் கன்னத்தோரம் ஒதுக்கிவைக்க வேண்டும். கையோடு டீ, காபி குடித்தால் மருந்து சரியாக ஏறாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்தச் சாக்கில் டீக்கடைப் பழக்கமும் கொஞ்சம் குறைந்தது.

பயந்தது ஜூன் 15-க்குத்தான். பழைய படகுத்துறை, பழைய ஆட்கள், "மாப்ளே, ஒன்னு பத்தவை" என்று நீட்டுகிற பழைய கைகள். பொது இடத்தில் புகைபிடிக்கக் கூடாது என்று 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்க விதி இருக்கிறது, அது எங்கள் படகுத்துறைவரை நடந்து வந்ததாகத் தெரியவில்லை. டீக்கடையை மாற்றினேன், சிகரெட் விற்காத கடை ஒன்று தள்ளி இருக்கிறது. மற்றபடி போட் வரும்வரை வலைக்குப் பக்கத்தில்தான். தேடி வருகிறவர்களுக்கும் இப்போது நான் அங்கே இருப்பேன் என்று தெரியும்.

இதையே எங்கள் போட் டிரைவரிடம் சொல்லிப் பார்த்தேன், அவருக்குச் சரிப்படவில்லை. கரையில் அவருக்குச் சிகரெட் ஒரு பொருட்டே இல்லை. ராத்திரி முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தூக்கத்தை விரட்டத்தான் அவருக்கு அது வேண்டும், அங்கே போய் வலை பின்னு என்றால் சிரிக்க மாட்டாரா? சிகரெட் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும், புகையை விட உதவுகிற 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கு அவரே கூப்பிட்டுப் பேசினார். எந்த நேரத்துச் சிகரெட்டை விட முடியவில்லை என்று கேட்டார்களாம். இப்போது நடுராத்திரி இரண்டு மணிக்குமேல் ஸ்டியரிங்கை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் படுக்கிறார். கரையிலிருந்து போகும்போது ஒரு பீடிக்கட்டு மட்டும் எடுத்துப்போகிறார், அதிலும் பாதி திரும்பி வருகிறது.