எத்தனை அண்ணன்கள்?

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலைக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. கதையோ கவிதையோ அல்ல. இயந்திரக் கையேடு, காப்பீட்டுப் படிவம், தொழிற்சாலைச் சுற்றறிக்கை. இவற்றை யாரும் ரசித்துப் படிப்பதில்லை. ஆனால் படித்ததை அப்படியே செய்துவிடுவார்கள். எனக்குப் பயமே அதில்தான்.

சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு பராமரிப்புக் கையேடு வந்தது. அதில் ஃபில்டர்களைப் பற்றி ஒரு வாக்கியம். "எண்ணெய் ஆவி படும் ஃபில்டர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தேன். சொல்லும் சரி, இலக்கணமும் சரி. ஒரு வருடம் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. அந்த இயந்திரத்தில் ஆறு ஃபில்டர்கள். தொழிலாளர்கள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள்; எண்ணெய்ப் பக்கம் இருந்தவை இரண்டுதான். அந்த இரண்டையும் ஒழுங்காக மாற்றி வந்திருக்கிறார்கள். மற்ற நான்கும் அடைத்துக்கொண்டு இயந்திரம் நின்றுவிட்டது. நான் எழுதிய தமிழை அவர்கள் பிழையில்லாமல்தான் படித்திருக்கிறார்கள்.

எங்கள் அலுவலகத்தில் பிழை திருத்துவதற்கு ஓர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் இருந்தார். மூலத்தை வாங்கிப் பார்த்தவர் பென்சிலால் இரண்டு இடங்களில் வட்டம் போட்டார். "இங்கே இரண்டு கமா இருக்கிறதே அம்மா, உங்கள் தமிழில் அவை எங்கே?" என்றார். என் வாக்கியத்தை இன்னொரு முறை படித்தேன். கமாவுக்கு அதில் இடமே இல்லை.

அவர் சொல்லிக்கொடுத்த உதாரணத்தை இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்கிறேன். ஆங்கிலத்தில் 'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை' என்று கமா இல்லாமல் எழுதினால், எனக்கு அண்ணன் தம்பிகள் பலர், அவர்களில் மதுரைக்காரரைப் பற்றிப் பேசுகிறேன் என்று பொருள். 'ஹூ' என்ற சொல்லுக்கு முன்னும் 'மதுரை'க்குப் பின்னும் கமா போட்டால், இருப்பதே ஒருவர்தான். அவர் மதுரையில் இருக்கிறார் என்பது கூடுதல் செய்தி. தமிழில் இரண்டுக்கும் "மதுரையில் இருக்கும் என் அண்ணன்" என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும்; நடுவில் கமாவைச் செருக முடியாது. அண்ணன்கள் எத்தனை பேர் என்பது நம் ஊரில் கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பதால் மொழி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை போலும். ஓலைச்சுவடி எழுதியவர்கள் காற்புள்ளி இல்லாமலேதான் காலம் தள்ளினார்கள்.

ஆனால் ஃபில்டர்கள் எத்தனை என்பது வாசகருக்குத் தெரிந்திருக்காது. அந்த வாக்கியத்தின் கமாக்கள் சொன்னது, ஆறின் மேலும் எண்ணெய் ஆவி படும், ஆகவே ஆறையும் மாற்று என்பதுதான். தமிழில் அதை இரண்டாக உடைத்திருக்க வேண்டும்: "எல்லா ஃபில்டர்களையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அவற்றின் மேல் எண்ணெய் ஆவி படுகிறது." கமா இல்லாத வாக்கியமாக இருந்தால் "மட்டும்" என்ற சொல்லைச் சேர்த்துவிடுவேன். அமெரிக்கக் கையேடுகளில் இந்த வகைக்கு 'தட்' போட்டு எழுதுவதே வழக்கம், அதனால் பிழைத்தோம். பிரிட்டிஷ் பாணியில் இரண்டுக்கும் 'விச்' வரலாம். அங்கே கமாவைத் தவிர வேறு துப்பு கிடையாது.

ஒப்பந்தங்கள் இன்னும் மோசம். கனடாவில் ரோஜர்ஸ் என்ற கேபிள் நிறுவனம், அலையன்ட் என்ற தொலைபேசி நிறுவனத்தின் பொறுப்பிலிருந்த கம்பங்களில் தன் கேபிளைக் கட்டிக்கொள்ள 2002இல் ஓர் ஒப்பந்தம் போட்டது. ஐந்து ஆண்டுகள் நடப்பில் இருக்கும், கமா, பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாக நீடிக்கும், கமா, யாராவது ஓராண்டு முன்னறிவிப்புத் தந்து முடித்துக்கொண்டால் ஒழிய. ஐந்து ஆண்டுக்கு வாடகை உயராது என்று ரோஜர்ஸ் நம்பியிருந்தது. 2005இல் அலையன்ட் முன்னறிவிப்புக் கொடுத்தது. இரண்டாவது கமா இல்லாதிருந்தால் 'ஒழிய' என்பது தனக்குப் பக்கத்தில் உள்ள நீட்டிப்பை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். கமா இருப்பதால் அது முதல் ஐந்து ஆண்டுகளையும் எட்டுகிறது என்று 2006இல் தொலைத்தொடர்பு ஆணையம் சொல்லிவிட்டது. இதில் சிக்கியிருந்த தொகை 20 லட்சம் கனடிய டாலருக்கு மேல். 2007இல் அதே ஆணையம் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. காரணம், அந்த ஒப்பந்த வாசகத்தின் பிரெஞ்சு வடிவம். அதில் குழப்பமே இல்லை. முதல் ஐந்து ஆண்டில் முறிக்க முடியாது என்று தெளிவாக இருந்தது.

அந்தப் பிரெஞ்சு வாசகத்தை எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். அதே வாக்கியம் என் மேசைக்கு வந்திருந்தால்? தமிழில் நிபந்தனை வாக்கியத்தின் கடைசியில் நிற்காது, முன்னால் வந்துவிடும். ஐந்து ஆண்டுக்கு முன்னால் வைப்பதா, நீட்டிப்புக்கு முன்னால் வைப்பதா? எங்கே வைத்தாலும் நானே தீர்ப்பு எழுதிவிடுகிறேன்.

எல்லாப் பழியையும் தமிழ் மேலேயே போட்டுவிடவும் முடியாது. சில இடங்களில் இரண்டு மொழிகளும் ஒரே பள்ளத்தில் விழுகின்றன. "சம்பளம் குறைவு என்பதால் அவர் வேலையை விடவில்லை." விட்டாரா, விடவில்லையா? ஆங்கிலத்தில் 'பிகாஸ்' முன்னால் கமா போட்டால் அவர் வேலையிலேயே இருக்கிறார் என்பது உறுதி. தமிழில் கமா போட்டாலும் தீராது. "வேலையை விட்டதற்குக் காரணம் சம்பளம் அல்ல" என்று வாக்கியத்தையே புரட்டிப் போட வேண்டும்.

இவ்வளவும் கற்ற பிறகு கமாவை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அதுவும் தவறாகப் போயிற்று. நம் ஊர் அலுவலகங்களில் எழுதப்படும் ஆங்கிலத்தில் கமா பாதி நேரம் இலக்கணத்துக்காக விழுவதில்லை. எழுதியவர் மூச்சு வாங்கிய இடத்தில் விழுகிறது. ஒரு தொழிற்சாலைச் சுற்றறிக்கையில், "ஊழியர்கள், இரவுப் பணியில் இருப்பவர்கள், உணவுப்படி பெறுவார்கள்" என்ற அமைப்பில் ஒரு வாக்கியம். விதிப்படி பார்த்தால் எல்லா ஊழியர்களுமே இரவுப் பணியில் இருக்கிறார்கள், எல்லோருக்கும் படி. அப்படியே பெயர்த்திருந்தால் மறுநாள் கேன்டீன் வாசலில் கூட்டம் கூடியிருக்கும். தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இரவுப் பணிக்காரர்களுக்கு மட்டும்தான் மேடம். ஏன், அப்படித்தானே எழுதியிருக்கிறது?" என்றார் மனிதவளப் பிரிவில் இருந்தவர்.

"கமா இருக்கிறதே சார்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அது நீளமான வாக்கியம் என்பதால் போட்டது" என்றார்.

தமிழில் "மட்டும்" சேர்த்து அனுப்பினேன். அறிவிப்புப் பலகையில் இரண்டு மொழிகளையும் அடுத்தடுத்து ஒட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆங்கிலத்தில் அந்தக் கமாக்கள் அப்படியே இருந்தனவாம்.