அலகெனி ஆற்றங்கரையில் ஒரு பகல் ஆட்டம்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிட்ஸ்பர்க் என்றால் பென் ஹில்ஸ் குன்றின்மேல் இருக்கும் வெங்கடேசுவரர் கோயில்தான். 1976இல் எழுந்த கோயில். பெருமாளைச் சேவித்து, புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டு, அன்றே காரைத் திருப்பிவிடுகிறவர்களே அதிகம். கோயிலிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரத் தொலைவில், அலகெனி ஆற்றின் வடகரையில், நான் பார்த்தவற்றிலேயே மிக அழகான பேஸ்பால் மைதானம் இருக்கிறது. அதில் ஆடும் பைரேட்ஸ் அணி 2015க்குப் பிறகு பிளேஆஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றின் பக்கமே போனதில்லை. பிட்ஸ்பர்க் போகிறவர்கள் இந்த மைதானத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. பார்க்கும்போது அந்த மக்களின் வருத்தத்தையும் கேட்டுவிட்டு வர வேண்டும்.

2025 செப்டம்பரில் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போனபோது சித்தப்பா வீட்டில் தங்கினோம். அவர் 1991இல் அங்கே வேலைக்கு வந்தவர். வந்த அடுத்த ஆண்டே அந்த ஊரின் பெருந்துயரத்தைப் பார்த்துவிட்டார். 1992 அக்டோபர் 14, அட்லாண்டாவில் அரையிறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி தொடங்கும்போது பைரேட்ஸ் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. இன்னும் மூன்று பேரை அவுட் ஆக்கினால் கோப்பைக்கான உலகத் தொடர். ஆனால் அட்லாண்டா மூன்று ஓட்டங்கள் எடுத்தது. வெற்றி ஓட்டத்தை எடுக்க மண்ணில் சறுக்கி வந்தவர் சிட் பிரீம், முன்பு பைரேட்ஸ் அணியிலேயே ஆடியவர். அந்தக் குளிர்காலத்திலேயே அணியின் பெரிய நட்சத்திரமான பாரி பாண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார். 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது ஆண்டுகள் பைரேட்ஸ் வெற்றியைவிடத் தோல்வியையே அதிகமாகக் கண்டது. இருபது ஆண்டுகளிலும் சித்தப்பா ஆட்டம் பார்த்தார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் அலுப்பு இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

செப்டம்பர் 17, புதன்கிழமை, பகல் ஆட்டம். எதிரணி சிகாகோ கப்ஸ். காரை நகர மையத்தில் நிறுத்திவிட்டு ராபர்ட்டோ கிளமென்டே பாலத்தின்மேல் நடந்தோம். மஞ்சள் வண்ணம் பூசிய பாலம். ஆட்ட நாட்களில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். கிளமென்டே, போர்ட்டோ ரிகோவில் பிறந்து இந்த அணிக்காகவே கடைசிவரை ஆடியவர். சரியாக 3,000 ஹிட் (பந்தை அடித்துப் பேஸ் சேர்வது) எடுத்தவர். 1972 டிசம்பர் 31 அன்று நிகரகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருட்கள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தார். அவருடைய எண் 21. மைதானத்தின் வலப்பக்கச் சுவர் 21 அடி உயரம் இருப்பதும் அதனால்தான். 2025 தொடக்கத்தில் அந்தச் சுவரில் இருந்த அவருடைய 21 அடையாளத்தை எடுத்துவிட்டு ஒரு மதுபான விளம்பரம் வைத்தார்கள். கிளமென்டேயின் மகனும் ரசிகர்களும் கொதித்த பிறகு நிர்வாகம் தவறை ஒப்புக்கொண்டு அடையாளத்தை மீண்டும் வைத்தது. இதை எனக்குச் சொன்னபோது சித்தப்பா பாலத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார். “தோற்பதைப் பொறுத்துக்கொள்ளலாம் அம்மா. இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?” என்றார்.

மூன்றாவது பேஸ் பக்கம், மேல் தளத்தில் உட்கார்ந்தோம். போகிறவர்கள் அந்தப் பக்கமே டிக்கெட் எடுங்கள். ஆடுகளத்துக்கு அப்பால் ஆறு, ஆற்றின்மேல் மஞ்சள் பாலம், அதற்கு அப்பால் நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள் என்று எல்லாம் ஒரே பார்வையில் அடங்குகின்றன. 2001இல் திறந்த மைதானம் இது. விற்பனை வரியை உயர்த்தி மைதானங்கள் கட்டலாமா என்று 1997இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் வேண்டாம் என்றார்கள். அடுத்த ஆண்டே வேறொரு வழியில் பொதுப் பணத்தைத் திரட்டிக் கட்டினார்கள். கட்டுமானச் செலவின் பெரும்பகுதி ஊரார் பணம். சாப்பாட்டுக்குக் கவலையில்லை. உருளைக்கிழங்கும் சீஸும் வைத்த பியரோகி கிடைக்கிறது, சைவம் உண்பவர்களுக்குப் போதும்.

எங்கள் வரிசையில் ஒரு முதியவரும் அவருடைய மகளும் இருந்தார்கள். முன் வரிசையில் ஒரு பெண்மணி, மைதானம் திறந்த ஆண்டிலிருந்து சீசன் டிக்கெட் வைத்திருப்பவர். சித்தப்பாவுக்கு மூவரும் பழக்கமானவர்கள். ஆட்டம் தொடங்கி இரண்டு இன்னிங்ஸ் முடிவதற்குள் பேச்சு களத்தை விட்டுவிட்டது. வரப்போகும் குளிர்காலத்தில் யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரைத் தொடவே கூடாது என்பதுதான் பேச்சு. நான் ஆட்டத்தைவிட அவர்களையே அதிகம் கவனித்தேன்.

கிரிக்கெட் மட்டும் அறிந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐ.பி.எல். ஏலத்தில் எல்லா அணிகளுக்கும் ஒரே தொகைதான், 2025இல் அது 120 கோடி ரூபாய். பேஸ்பாலில் அப்படி வரம்பு கிடையாது. மிக அதிகமாகச் செலவிடும் அணிகள் கூடுதல் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் ஆண்டுச் சம்பளமாக 300 மில்லியன் டாலருக்கு மேல் கொடுக்கிறது. பைரேட்ஸ் 2025ஐ 100 மில்லியனைக்கூடத் தொடாமல் தொடங்கியது. டாட்ஜர்ஸ் ஒட்டானி ஒருவருக்கு எழுதிய ஒப்பந்தம் 700 மில்லியன். பைரேட்ஸ் தன் வரலாற்றில் ஒப்பந்தம் முடிந்து வெளிச் சந்தைக்கு வந்த வீரருக்கு எழுதிய மிகப் பெரிய ஒப்பந்தம் 39 மில்லியன், அதுவும் 2014 டிசம்பரில், பிரான்சிஸ்கோ லிரியானோவுக்கு. இந்த இரண்டு எண்களையும் அந்த மேல் தளத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவர்களுடைய வேதனை எல்லாம் பால் ஸ்கீன்ஸைச் சுற்றியே இருந்தது. 2023இல் புதிய வீரர்களுக்கான தேர்வில் எல்லா அணிகளுக்கும் முன்னால் முதல் ஆளாகப் பைரேட்ஸ் தேர்ந்தெடுத்த பிட்சர், அதாவது பந்து வீசுபவர். 2024 மே மாதம் வந்தார், அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். 2025இல் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.97 ஓட்டங்களே கொடுத்தார். லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை நவம்பரில் ஒருமனதாகக் கொடுத்தார்கள். அப்படிப்பட்டவரின் வெற்றி தோல்விக் கணக்கு 10-10. இரண்டு ஓட்டங்கள்கூடக் கொடுக்காத ஒருவர் பத்து முறை தோற்றார் என்றால் அவருக்காக மட்டை பிடித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்க வேண்டும். 2025 முழுவதும் அணி அடித்த ஹோம் ரன் (நம் சிக்ஸர் போன்றது) 117. முப்பது அணிகளில் அதுவே மிகக் குறைவு.

“2029 முடிந்தால் அவர் போகலாம். இன்னும் நான்கு சீசன்” என்றார் முதியவர், விரல்களை விரித்துக் காட்டியபடி. அணியின் கட்டுப்பாட்டில் அவர் இருக்கும் காலம் அதுவரைதான். இவர்கள் பேசும் ஒவ்வொரு டிரேடும், அதாவது அணிகளுக்கிடையிலான வீரர் மாற்றமும், இந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது.

மகள் சொன்னதுதான் எனக்கு மிகச் சரியாகப் பட்டது. பிட்சர்கள் இந்த அணிக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆகவே ஒரு நல்ல இளம் பிட்சரைக் கொடுத்து ஹோம் ரன் அடிக்கும் ஒருவரை வாங்க வேண்டும், பணமும் செலவிட வேண்டும், இரண்டில் ஒன்று மட்டும் போதாது என்றார். முதியவர் உடனே மறுத்தார். அவருக்கு 2018 நினைவு. அந்த ஜனவரியில் இரண்டே நாள் இடைவெளியில் கெரிட் கோலையும் ஆண்ட்ரூ மக்கட்சனையும் விற்றார்கள். கோல் பிறகு சை யங் விருது பெற்றது நியூயார்க்கில். அதே ஆண்டு ஜூலையில் கிறிஸ் ஆர்ச்சர் என்ற பிட்சருக்காக டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் மூவரையும் டாம்பா பே பகுதியின் ரேஸ் அணிக்குக் கொடுத்தார்கள். ஆர்ச்சர் சோபிக்கவில்லை, போனவர்கள் சோபித்தார்கள். அதிலிருந்து இளம் பிட்சரைக் கொடுப்பது என்று யாராவது சொன்னாலே அவருக்கு நெஞ்சு அடைக்கிறது. மகளோ அது தவறான ஆளைத் தேர்ந்ததன் குற்றமே தவிர, டிரேட் செய்ததன் குற்றம் அல்ல என்றார். நான் மகளின் பக்கம்.

முன் வரிசைப் பெண்மணிக்கு இந்த விவாதமே வீண். 2007இலிருந்து உரிமையாளராக இருக்கும் பாப் நட்டிங் அணியை விற்காதவரை யாரை வாங்கினாலும் ஒன்றுதான் என்றார். ஏப்ரலில் சொந்த ஊரில் நடந்த முதல் ஆட்டத்தின்போதே “அணியை விற்றுவிடு” என்ற பதாகையோடு விமானம் ஒன்று பறந்தது, மைதானம் முழுவதும் அதே கோஷம் எழுந்தது. மே மாதம் பயிற்சியாளர் டெரெக் ஷெல்டனை நீக்கி உள்ளூர்க்காரரான டான் கெல்லியை வைத்தார்கள். ஜூலை இறுதியில் கெ’பிரையன் ஹேஸையும் டேவிட் பெட்னாரையும் விற்றார்கள். பெட்னார் பிட்ஸ்பர்க் பக்கத்துப் பிள்ளை, கடைசி இன்னிங்ஸ் வீச அவர் நடந்து வரும்போது கூட்டம் எழுந்து நிற்குமாம். அந்தப் பெண்மணி அடுத்த ஆண்டு சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றார். மைதானம் இவ்வளவு அழகாக இருப்பதால்தான் அணி எப்படி ஆடினாலும் வெளியூர்க்காரர்கள் வந்து பணம் கொடுக்கிறார்கள் என்றும் சொன்னார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அந்த வாதத்தில் பெரும் உண்மை இருக்கிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஊரார் பணத்தில் எழுந்த மைதானத்தை ஊராரே ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? இருக்கையில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவர்கள் இருக்கும்வரைதான் நிர்வாகத்துக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும்.

அன்று ஒரு தருணத்தில் மட்டும் நால்வரும் வாதத்தை நிறுத்தினார்கள். மக்கட்சனைப் பற்றிப் பேச்சு வந்தபோது. 2013இல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது பெற்றவர், அந்த ஆண்டுதான் இருபது ஆண்டுத் தோல்வி முடிந்தது. 2018இல் விற்கப்பட்டு, 2023இல் திரும்பி வந்தவர். 2025 ஜூனில் பைரேட்ஸ் அணிக்காக அடித்த ஹோம் ரன்களில் கிளமென்டேயின் 240ஐத் தாண்டினார். 2013 அக்டோபர் முதல் தேதி இதே மைதானத்தில், எல்லாரும் கறுப்பு உடையில் நின்று, சின்சினாட்டி பிட்சர் கியுவேட்டோவின் பெயரை நீட்டி நீட்டிக் கத்த, அவர் கையிலிருந்து பந்து நழுவி விழுந்ததையும், அடுத்த வீச்சையே ரசல் மார்ட்டின் ஹோம் ரன் ஆக்கியதையும் மூன்று பேர் ஒரே நேரத்தில் எனக்குச் சொன்னார்கள். அந்த ஒரு இரவுக்காகவே முதியவர் இன்னும் வருகிறார் என்று மகள் சொன்னார்.

ஆட்டத்தில் கப்ஸ் 8-4 என்று வென்றது. அந்த வெற்றியோடு 2020க்குப் பிறகு முதன்முறையாகப் பிளேஆஃப் இடத்தையும் உறுதி செய்துகொண்டது. கீழே சிகாகோவிலிருந்து வந்த ரசிகர்கள் கூச்சலிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிறர் வீட்டுத் திருமணத்தைத் தங்கள் கூடத்தில் நடத்த விட்டுவிட்டு ஓரமாக நிற்பவர்கள்போல எங்கள் வரிசையில் இருந்தவர்கள் நின்றார்கள். எனக்கு மனது மிகவும் கனத்தது. பைரேட்ஸ் 71 வெற்றி, 91 தோல்வியோடு அந்த ஆண்டை முடித்தது.

மறுநாள் ஓக்லண்ட் பகுதிக்குப் போனோம். பைரேட்ஸ் முன்பு ஆடிய ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தின் சுவர் ஒரு பகுதி பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் அருகே இன்னும் நிற்கிறது. 1960 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் பைரேட்ஸ் வீரர் பில் மசரோஸ்கி அடித்த வெற்றி ஹோம் ரன்னை நினைத்து, ஒவ்வோர் அக்டோபர் 13ஆம் தேதியும் ரசிகர்கள் அங்கே கூடி அந்த ஆட்டத்தின் வானொலி ஒலிப்பதிவை முழுவதும் கேட்கிறார்கள். பார்க்க அரை மணி நேரம் போதும். அம்மா செங்கல் சுவரைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிழலில் உட்கார்ந்துகொண்டாள்.

ஊர் திரும்பிய பிறகு இந்தக் குளிர்காலம் முழுவதும் நானும் அந்த அணியின் செய்திகளைத் தேடிப் படிக்கிறேன். டிசம்பரில் ஹோம் ரன் அடிப்பவரான கைல் ஷ்வார்பருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் பேசினார்கள் என்று செய்தி வந்தது. அவர் பிலடெல்பியாவிலேயே தங்கிவிட்டார். பிறகு மகள் சொன்னதே நடந்தது. மைக் பரோஸ் என்ற இளம் பிட்சரை ஹூஸ்டனுக்குக் கொடுத்து, மூன்று அணிகள் சேர்ந்த ஒரு டிரேடில் ரேஸ் அணியின் பிராண்டன் லாவை வாங்கினார்கள். 2025இல் 31 ஹோம் ரன் அடித்தவர். ஜோஹன் ஓவியேடோவை பாஸ்டனுக்குக் கொடுத்து ஒரு இளம் வெளிக்களக்காரரை எடுத்தார்கள். ரையன் ஓஹெர்னுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 29 மில்லியன் டாலர் எழுதினார்கள். வெளிச் சந்தை வீரர் ஒருவருக்கு ஓராண்டுக்கு மேல் ஒப்பந்தம் எழுதியது 2016-17 குளிர்காலத்துக்குப் பிறகு இதுவே முதல் முறை. பணமும் டிரேடும் இரண்டும் நடந்திருக்கின்றன.

சித்தப்பா தொலைபேசியில் மகிழ்ச்சியோடு பேசினார். அவருக்கு இப்போது கானர் கிரிஃபின்மேல் பெரும் நம்பிக்கை. 2024இல் பள்ளியிலிருந்து நேராகத் தேர்வான பையன், நாட்டின் முதன்மையான இளம் வீரர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் லாவின் ஒப்பந்தம் 2026 சீசனோடு முடிந்துவிடுகிறது. ஜூலையில் அணி நடுத்தரமாக நின்றால் அவரையும் பெட்னாரைப்போல விற்றுவிடுவார்களா, அல்லது இந்த முறையாவது துணிந்து இன்னும் ஒருவரை வாங்குவார்களா? வாங்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். முன் வரிசைப் பெண்மணி டிக்கெட்டைப் புதுப்பித்தாரா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். ஜூலை வரை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம்.