இஸ்பேடு ஐந்து

நான்கு நாளாக வீட்டில் இஸ்பேடு ஐந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ரசத்தில் உப்புக் குறைந்தால்கூட மாமா என்னைப் பார்க்கிற பார்வையில் அந்த ஐந்து இருக்கிறது.

ரயில்வே தாத்தா பேரனைப் பார்க்கப் பெங்களூரு போனதால் வந்த வினை. ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ் மேஜைக்கு ஓர் ஆள் குறைகிறது. இவருக்குச் சீட்டு என்றால் ரம்மி மட்டும்தான். ஆக, பார்ட்னர் நான். "நீ கணக்குப் படித்தவள்தானே அம்மா, அது போதும்" என்றார் மாமா. பெண் பார்க்க வந்த அன்றுகூட என் படிப்பை இவ்வளவு ஆசையாக விசாரிக்கவில்லை.

2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜில் தங்கம் வாங்கினார்கள் அல்லவா? ஒருவருக்கு 60 வயது, மற்றவருக்கு 56. அன்றிலிருந்து மாமாவின் முழங்கால் வலி ஒரு விளையாட்டு வீரரின் காயம்.

எனக்கு இரண்டு வாரம் பயிற்சி நடந்தது. எதிராளி நோ டிரம்ப், அதாவது துருப்பே இல்லாமல், ஆடும்போது முதல் சீட்டு நான் இறக்க வேண்டுமானால், கையில் அதிகச் சீட்டுள்ள ஜாதியை எடுத்து மேலிருந்து நான்காவதைப் போட வேண்டும். காய் நறுக்கும்போது வந்து கேட்பார், "எத்தனையாவது?" "நான்காவது, மாமா." கத்தரிக்காயைக்கூட நான்காவதாகப் பார்த்து எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு ஏலத்தில் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு "ஒரு ஆர்ட்டின்" என்றார். மூன்றாவது மாடி வாத்தியார் அதைச் சட்டை செய்யாமல் மூன்று நோ டிரம்ப் வரை போய்விட்டார். அப்படியானால் பதின்மூன்று சுற்றில் அவர் ஒன்பது பிடி எடுக்க வேண்டும். அவருக்கு இடப்பக்கம் நான். டம்மி, அதாவது வாத்தியாரின் பார்ட்னர் டாக்டர் மாமியின் கை, இன்னும் மேஜையில் விரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். கையில் இஸ்பேடு ராஜா, ஜாக்கி, எட்டு, ஐந்து, இரண்டு. ஆர்ட்டினில் ஒன்பதும் ஆறும் மட்டும். படித்த பாடத்தை ஒப்பித்தேன்: இஸ்பேடு ஐந்து.

மாமாவின் முகம் அடைத்துக்கொண்ட காபி பில்டர் போல ஆயிற்று. நான்காவதை இறக்கினால் அதற்கொரு கணக்கு உண்டு: பதினொன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் ஆறு. என் ஐந்துக்கு மேற்பட்ட இஸ்பேடு மற்ற மூவரிடமும் சேர்ந்து ஆறு. டம்மியில் இரண்டு, மாமாவிடம் இரண்டு, மீதி இரண்டு வாத்தியாரிடம். அவை ஆஸும் ராணியும் என்று வாத்தியாரின் சிரிப்பே சொல்லிவிட்டது. ராணி நோகாமல் ஒரு பிடியை அள்ளிக்கொண்டு போனாள். ஒன்பது போதும் என்றவருக்குப் பத்து.

"நான் ஆர்ட்டின் கேட்டது காதில் விழவில்லையா அம்மா? பார்ட்னர் கேட்டதைத்தான் இறக்க வேண்டும்!"

இது பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. டாக்டர் மாமி துக்கம் விசாரிப்பதுபோல என் தட்டில் இன்னொரு பஜ்ஜியை வைத்தார்.

அன்று இரவு கான்சாஸ் சிட்டி புராணம். 1929-இல் அங்கே நான்கு இஸ்பேடு ஆடித் தோற்ற கணவனை மனைவி சுட்டுக் கொன்றாள். நீதிமன்றம் அவளை விடுதலை செய்தது. மாமா இதைக் கொலைக் கதையாகச் சொல்வதே இல்லை. தவறான ஆட்டத்துக்குக் கிடைத்த நியாயமான தீர்ப்பாகத்தான் சொல்வார். இவரோ இடையில் அகப்பட்டு, மோர் சாதத்தோடு எழுந்து போய்விட்டார்.

இன்று விடிகாலை எழுந்து வந்தால் சாப்பாட்டு மேஜையில் விளக்கு எரிகிறது. 52 சீட்டையும் நான்கு கையாகப் பரப்பி, மாமா அதே ஆட்டத்தை மறுபடி அடுக்கியிருக்கிறார். மாத்திரை போட்டோமா என்பதுதான் மறக்கும், சீட்டு மறக்காது. பின்னால் நின்று பார்த்தேன். அவரிடமிருந்த ஐந்து ஆர்ட்டினில் பெரியதே ஜாக்கிதான். ஆஸ், ராஜா, ராணி மூன்றும் எதிர்ப்பக்கம். இதை வைத்துக்கொண்டா அந்தச் செருமல்! என் ஆர்ட்டின் ஒன்பதை நடுவில் நகர்த்தி வைத்து, விரல் விட்டு எண்ணினார். ஏழு, எட்டு, ஒன்பது. அப்போதும் வாத்தியார் ஜெயித்துவிட்டார்.

நான் செருமினேன். சட்டென்று எல்லாவற்றையும் வழித்துக் குவித்தார்.

"பால் வந்துவிட்டதா பார் அம்மா."

காபியைக் கொண்டுவந்து வைத்தேன். இரண்டு வாய் குடித்த பிறகு, "ரயில்வேக்காரன் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவானாம்" என்றார். டம்ளரை மேஜையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"வந்தால் அவன் வாத்தியாரோடு உட்காரட்டும். டாக்டரம்மாவுக்கு முதுகு வலியாம்."