29 பிள்ளைகளுக்கு வீதம் போடும்போது

இலங்கையின் வன்னியில் குளத்துக்கும் காட்டுக்கும் இடையில் கிடக்கிற வகை 3 பள்ளிக்கூடம், தரம் 1 முதல் 5 வரை. மூன்று ஆசிரியர்கள், அதிபரும் படிப்பிக்க வேணும். பாடசாலைத் தொகைமதிப்புப் படிவமும் வலயக் கல்விப் பணிமனைக்கான பெறுபேற்று அறிக்கையும் வந்தால் சின்னப் பள்ளிக்கூடம்தானே, அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் முழுதாக இரண்டு நாள் போகும்.

முதல் நாள் எண்ணுவதிலேயே கழியும். பிள்ளைகளைச் சேர்க்கும்போது பதிகிற சேர்விடாப்பையும் வரவு இடாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஒருவர் சேர்விலக்கத்தை வாசிக்க மற்றவர் பென்சிலால் சரி போட்டுக்கொண்டு வரவேணும். இரண்டும் ஒருபோதும் ஒத்துவராது. விடுகைப் பத்திரம் எடுக்காமலே வவுனியாவுக்குப் போன குடும்பத்தின் பிள்ளை சேர்விடாப்பில் இன்னும் இருக்கும். நேற்று வந்து வாங்கிலில் இருக்கிற பிள்ளைக்குச் சேர்விலக்கமே இருக்காது. பிறந்த திகதியைத் தாய் சொன்னபடி எழுதாமல் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள். தரம் 1-க்கு ஜனவரி 31 அன்று ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேணும் என்பதால், ஒரு நாள் பிசகினாலும் வயதுக்குரிய கட்டம் மாறிவிடும். சான்றிதழ் இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். அது வரும்வரை பென்சில்தான், பேனா வேண்டாம்.

உதாரணத்துக்குத் தரவாரியாக 5, 7, 4, 8, 5 என்று மொத்தம் 29 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

வரவு வீதம் போடும் முறை எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் நடந்த நாட்களை இடாப்பிலுள்ள பிள்ளைகளின் தொகையால் பெருக்கி, வந்த நாட்களின் கூட்டுத்தொகையை அதனால் வகுத்து 100-ஆல் பெருக்க வேணும். 20 நாள், 29 பேர் என்றால் 580. வந்தது 522. வீதம் 90. பார்க்க நல்லாயிருக்கும். ஆனால் இடாப்பைப் பிரித்தால் இரண்டு பிள்ளைகள் மாதம் முழுக்க வரவில்லை என்பது தெரியவரும். அவர்களை நீக்கினால் 540-க்கு 522, அதாவது 96.7 வீதம். மற்ற 27 பேரின் வரவில் பெரிய குறை இல்லை, தேட வேண்டியது அந்த இருவரைத்தான். அதனால் வீதத்துக்குக் கீழே "20 நாளும் வராதோர்: 2" என்று ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது. படிவத்தில் இடமில்லாவிட்டால் இணைப்புத் தாளில் எழுதலாம். மாதத்தையும் கவனிக்க வேணும். காலபோக அறுவடையில் பிள்ளைகள் வயல் வாடிக்குப் போய்விடுவார்கள், மாரியில் பாதையை வெள்ளம் மறிக்கும். அந்த மாதங்களைச் சிறுபோகக் காலத்தோடு ஒப்பிட்டுவிட்டு "வரவு வீழ்ச்சி" என்று எழுதுவது வேலைக்காகாது.

பெறுபேறுதான் ஆளை ஏமாற்றுகிற இடம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை 200 புள்ளிக்கு, 70-க்கு மேல் எடுத்தவர்களை எண்ணுவது வழக்கம். ஐந்து பேர் எடுத்தது 142, 96, 81, 64, 38 என்றால் சராசரி 84.2, 70-க்கு மேல் மூன்று பேர், 60 வீதம். அடுத்த வருடம் நாலு பேர் எழுதி ஒருவர் தாண்டினால் 25 வீதம். கூட்டத்தில் "ஏன் இப்பிடி விழுந்தது?" என்று கேட்பார்கள். ஒன்றும் விழவில்லை, ஆட்கள்தான் வேறு. மூன்றாம் வருடம் மூன்று பேரில் இருவர் தாண்டினால் 67 வீதம், உடனே பாராட்டு வரும். மூன்று வருடத்தையும் சேர்த்தால் 12 பேரில் 6. அதையே எழுதுங்கள், வீதக் குறியே வேண்டாம்.

38 எடுத்த பிள்ளையை எழுதவிடாமல் இருந்திருந்தால் சராசரி 95.75 ஆகியிருக்கும். சின்னப் பள்ளிக்கூடங்களில் இந்த ஆசை வரும். அதற்கு இடங்கொடுத்தால், உதவி தேவைப்படுகிற பிள்ளை கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். அந்தப் பிள்ளையின் தரம் 3, 4 தவணைப் புள்ளிகளை எடுத்துப் பாருங்கள். ஒரே வருடத்தில் இரண்டு பள்ளிக்கூடம் மாறியிருந்தால் அது அங்கேயே தெரியும்.

குடும்ப விவரத்தில் "தந்தை தொழில்" என்ற கட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குக் கூலி, மிச்சப் பேருக்குக் கமம் என்றுதான் வரும். அதை வைத்து ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளையிலிருந்து பிரித்தறிய முடியாது. இரவில் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கிறது ஆர், தாயா அம்மம்மாவா? பள்ளிக்கூடம் எத்தனை கிலோமீற்றர்? வழியில் யானை கடக்கிற இடம் உண்டா? இந்த மூன்றையும் தனித் தாளில் எழுதி வைத்தால், புள்ளி குறைந்த காரணம் பெரும்பாலும் அதிலேயே கிடைக்கும்.

அந்தத் தாளைச் சுவரில் ஒட்டக் கூடாது. "தரம் 3, பெண், 1" என்று ஒரு கட்டம் இருந்தால் அது ஆரென்று ஊருக்கே தெரியும். புள்ளியும் தாயின் நிலைமையும் பக்கத்தில் இருந்தால் கடையடியில் அதுதான் கதை. சுவரில் போடுகிற அட்டவணையில் தரம் 3, 4, 5-ஐச் சேர்த்து ஒரே தொகையாகக் காட்டுங்கள்.

படிவம் வலயத்துக்குப் போகும் முன் ஃபோட்டோக் கொப்பி எடுத்து, கணக்குப் போட்ட பென்சில் தாளையும் அதோடு கோப்பில் கோர்த்துவிட வேணும். அதிபர் மாற்றலாகிப் போனால், 522 எப்படி வந்தது என்று வருகிறவருக்குச் சொல்ல அந்தத் தாள்தான் இருக்கும்.