பிசிஜி தழும்பு

மார்ச் 3
சின்னவனுக்கு மூன்றாம் நாளாகக் காய்ச்சல். 103. சிரப் கொடுத்தால் இரண்டு மணி நேரம் தணிகிறது, அப்புறம் மறுபடி ஏறுகிறது. கண் இரண்டும் செக்கச்சிவப்பு. மெட்ராஸ் ஐ என்றால் பீளை கட்டுமே? போனில் படம் எடுத்துவைத்தேன். பக்கத்து கிளினிக்கில் தொண்டைப் புண் என்று ஆன்டிபயாடிக் எழுதினார்கள்.

மார்ச் 5
கண் தெளிந்துவிட்டது. இப்போது உதடு வெடித்து ரத்தம் கசிகிறது, உடம்பெல்லாம் தடிப்பு. அம்மை என்று அத்தை தலைமாட்டில் வேப்பிலை வைத்தார். இடது கையில் பிசிஜி தழும்பு (பிறந்ததும் காசநோய்க்குப் போட்ட ஊசியின் வடு) சிவந்து தடித்திருப்பதைக் காட்டியதும் அவர்தான். நான் அதை நேற்றே பார்த்துக் கொசுக்கடி என்று விட்டிருந்தேன்.

சாயங்காலம் வேறு குழந்தை மருத்துவரிடம் போனோம். ஒன்றே முக்கால் வயதுக்காரன் நாக்கை நீட்டுவானா? அழுதபோது பார்த்துக்கொண்டார்; ஸ்ட்ராபெரி மாதிரி புள்ளி புள்ளியாகச் சிவப்பு. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. தழும்பைத் தடவிவிட்டு, "கண் சிவந்துச்சாம்மா?" என்றார். படத்தைக் காட்டினேன். "கவாசாகி மாதிரி இருக்கு." எனக்குத் தெரிந்தது பைக் மட்டும்தான். இது 1967இல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதிய ஜப்பான் மருத்துவரின் பெயராம். ரத்தக் குழாய்ச் சுவர் அழன்று வீங்கும் நோய். இதுதான் என்று அடித்துச் சொல்லத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது.

மார்ச் 6
எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், இதயக் குழாய்கள் சரியாக இருக்கின்றன. மருந்து கொடுக்காமல் விட்டால் நாலில் ஒரு குழந்தைக்கு அவை புடைத்துவிடுமாம். பத்து நாளுக்குள் கொடுத்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். மருந்தின் பெயர் இம்யூனோகுளோபுலின், ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம்; கிலோவுக்கு 2 கிராம். பன்னிரண்டரை கிலோவுக்கு 25 கிராம், ஐந்து பாட்டில். என் வளையல் அடகுக்குப் போனது. ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஏறியது.

மார்ச் 8
காய்ச்சல் இல்லை. இட்லி கேட்டான்!

மார்ச் 15
நகத்தடியில் தோல் உரிகிறது, வெங்காயச் சருகு போல. பயந்து போன் செய்தேன். இந்த நோயில் அப்படித்தானாம். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஏழு லட்சம், அதிகம். ரத்தம் உறையாமல் இருக்கத் தினம் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரையில் பாதி.

ஏப்ரல் 16
மூன்றாவது எக்கோவும் நன்றாக இருக்கிறது, ஆஸ்பிரின் நின்றது. தட்டம்மை ஊசியை மட்டும் இம்யூனோகுளோபுலின் ஏறிய நாளிலிருந்து 11 மாதம் தள்ளிப்போட வேண்டும், அந்த மருந்தால் இப்போது போட்டால் சரியாகப் பிடிக்காது. சுகாதார நிலையத்தில் சிஸ்டர் விடமாட்டார் என்று அட்டையிலேயே மருத்துவரை எழுதித் தரச் சொன்னேன்: பிப்ரவரி.