30 கிலோவுக்குள் ஒரு தாய்மாமன் சீர்

ஜூலை 6, 2025, ஞாயிறு

தங்கை மகளின் திருமண நாள் உறுதியாகிவிட்டது. ஆவணியில், ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை, இங்கே திருநெல்வேலியிலேயே. மணமக்கள் இருவருக்கும் மெல்போர்னில் வேலை. இரண்டு வார விடுப்பில் வந்து, செப்டம்பர் 6 இரவே விமானம் ஏறிவிடுவார்கள். தாய்மாமன் என்ற முறையில் சீர் என்னுடையது. தங்கை இதை நேரடியாகச் சொல்லவில்லை, “அண்ணே, தட்டு எத்தனை வைக்கப் போறே?” என்று கேட்டாள், அவ்வளவுதான்.

1988-ல் இதே தங்கைக்குத் திருமணம் நடந்தபோது அப்பா கொடுத்த பண்ட பாத்திரங்களையும் தேக்குக் கட்டிலையும் லாரியில் ஏற்றி, பின்னால் நானும் ஏறி உட்கார்ந்து கோவில்பட்டி வரை கொண்டுபோய் இறக்கினேன். சீர் என்றால் எனக்கு இன்றும் அந்த லாரிதான் கண்முன் வருகிறது. இரவு மருமகளே அழைத்தாள். “மாமா, ஆளுக்கு முப்பது கிலோதான். அதுல பாதி சேலைக்கும் பொடிக்குமே போயிரும். தூக்க முடியாததை வாங்கிராதீங்க” என்றாள். கைப்பைக்கு 7 கிலோ தனி என்றாலும், அதில் மடிக்கணினி இரண்டும் நகையும் போகவேண்டும். ஆக, லாரியின் இடத்தில் இப்போது ஒரு பெட்டியின் மூலை.

ஜூலை 9, புதன்

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. என் மனைவி குத்துவிளக்கு என்கிறாள். நாச்சியார்கோவில் விளக்கில் அடி, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று எல்லாம் மரைபோட்டுப் பிரித்துச் சேர்ப்பவை. துணியில் சுற்றிப் பெட்டியின் நான்கு மூலைகளில் வைத்துவிடலாம் என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் பித்தளைக்கு விலையே எடைதான். பார்க்கும்படியான ஜோடி விளக்கு என்றால் பத்து கிலோவை நெருங்கும். மருமகளிடம் கேட்டபோது வேறொன்றும் தெரியவந்தது. அவர்களுடைய அடுக்ககத்தில் சமையலில் தாளிக்கும் புகைக்கே கூரையிலுள்ள எச்சரிக்கைக் கருவி கூவத் தொடங்கிவிடுமாம். ஐந்து முகம் ஏற்றினால் என்ன ஆகுமோ என்றாள்.

சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் மேசைக் கிரைண்டரைப் பரிந்துரைத்தார். அமெரிக்கா என்றால் அங்கே 120 வோல்ட், இங்கே 230, மோட்டார் ஒத்துவராது. ஆஸ்திரேலியாவில் இங்குள்ள அதே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக்கின் வடிவம் மட்டுமே வேறு என்று அவர் விளக்கியது முற்றிலும் உண்மை. கல்லின் எடையைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

தங்கத்தையும் யோசித்தேன். தூக்கிச் செல்ல அதைவிட எளிதான பொருள் இல்லை. 8 கிராம் பவுன் காசு சட்டைப் பையில் அடங்கும். ஆனால் பவுன் 70,000 ரூபாயைத் தாண்டி நிற்கும் காலத்தில் ஒரு காசோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தக் காசும் ஒரு வங்கிப் பெட்டகத்துக்குப் போய், மாமா கொடுத்தது எது, சித்தப்பா கொடுத்தது எது என்று தெரியாமல் கலந்துவிடும். வெள்ளிக் குங்குமச் சிமிழும் அப்படியே. நிச்சயதார்த்தத்துக்கே நான்கு வந்துவிட்டதாகத் தங்கை சொன்னாள்.

ரொக்கமாகக் கவரில் வைத்து, மேலே ஒரு ரூபாய் ஒட்டி, மொய் எழுதிவிடலாம் என்பது தம்பியின் கருத்து. அவர்கள் நாட்டைவிட்டுக் கிளம்பும்போது ஆளுக்கு 25,000 ரூபாய்க்கு மேல் இந்தியப் பணத்தைக் கையில் கொண்டுபோக முடியாது. மிச்சத்தை இங்குள்ள கணக்கில் போட்டுத்தான் ஆகவேண்டும். பணம் தங்கும், பரிசு போகாது. தாய்மாமன் சீர் வங்கிக் கணக்கில் தங்குவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

தஞ்சாவூர் ஓவியம் ஒன்றைக் கடையில் பார்த்தேன். கண்ணாடி, மரச் சட்டம், பின்னால் பலகை. ஆஸ்திரேலியாவில் இறங்கும் பயணி நிரப்பித் தரவேண்டிய அட்டையில் மரப் பொருள், விதை, வைக்கோல், செடியின் எந்தப் பாகம் என்றாலும் அறிவிக்கச் சொல்கிறார்கள் என்று மருமகள் படித்துக் காட்டினாள். பூச்சியும் பூஞ்சையும் வெளியிலிருந்து வந்து தங்கள் பயிரைக் கெடுத்துவிடக் கூடாது என்ற கவலை அவர்களுக்கு. அறிவித்தால் பார்த்துவிட்டு விடுவார்கள் அல்லது வாங்கி வைத்துக்கொள்வார்கள், மறைத்தால்தான் அபராதம். கண்ணாடி உடையும் பயமும் சேர்ந்துகொண்டதால் ஓவியத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 14, திங்கள்

காலையில் திண்ணையில் பழைய பாயை உதறி வெயிலில் போடும்போதுதான் இது தோன்றியது. இருபது கிலோமீட்டர் தொலைவில் பத்தமடையை வைத்துக்கொண்டு தஞ்சாவூர், நாச்சியார்கோவில் என்று அலைந்திருக்கிறேன். மணமக்கள் பெயரையும் முகூர்த்த நாளையும் ஊடையில், அதாவது குறுக்கே ஓடும் இழையில், வைத்து நெய்து தரும் கல்யாணப் பாய் அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக நடப்பது.

மனைவி சிரித்தாள். “கல்யாணத்துக்குத் தாய்மாமன் பாயைத் தூக்கிட்டு வந்தா மண்டபமே சிரிக்கும்” என்றாள். அந்தச் சிரிப்பின் காரணம் எனக்கும் தெரியும்; அதற்காக ஒரு நல்ல பொருளைக் கைவிட முடியாது.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி பிறக்கிறது. ஆடியில் சீர் வேலையைத் தொடங்கக்கூடாது என்று மனைவி சொன்னதால் இன்றே கிளம்பினேன். முதலில் டவுனில் ஒரு கடையில் பத்தமடைப் பாய் என்று எடுத்துப் போட்டதைத் தடவிப் பார்த்தேன். விரல்நுனியில் முரமுரவென்று உரசியது. ஓரத்துத் துணியை விலக்கினால் உள்ளே நைலான் நூல். பதில் சொல்லாமல் வெளியே வந்து பேருந்து ஏறினேன்.

பத்தமடையில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில், தரையோடு தரையாகத் தறி. அறுபது வயதைத் தாண்டிய அக்கா ஒருவர் தறியின் மேல் பலகை போட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். அவர் மூன்று பாய்களை அடுத்தடுத்து விரித்துக் காட்டியபோதுதான் நான் தேடிக்கொண்டிருந்தது என்னவென்று எனக்கே விளங்கியது. முதலாவது, வீட்டில் படுக்கும் சாதாரணக் கோரைப் பாய். தடிமன் அதிகம், எடை அதிகம், விலை குறைவு. இரண்டாவது 50 பாவு; பாவு என்பது தறியில் நெடுக ஓடும் நூல். மூன்றாவது 120 பாவு, அவர்கள் பட்டுப் பாய் என்று அழைப்பது; விலை முதலாவதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல், கையில் எடுத்தால் துண்டு எடுத்த கனம்தான். கோரையை எத்தனைக்கு எத்தனை மெலிதாகக் கிழிக்கிறார்களோ அத்தனைக்குக் கூலி ஏறுகிறது, பாயின் கனம் குறைகிறது. பித்தளையிலும் தங்கத்திலும் கூடக் கொடுத்தால் கூட எடை என்றே பழகியவனுக்கு, கூடக் கொடுக்கக் கொடுக்க எடை குறையும் பொருள் ஒன்று இருக்கிறது என்பது, அதுவும் 30 கிலோ பெட்டிக்காரர்களுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கிய பிறகு தெரியவந்தது, பெரிய ஆறுதலாக இருந்தது.

1953-ல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனதை அக்கா நேற்று நடந்ததுபோல் சொன்னார். 2013-ல் கிடைத்த புவிசார் குறியீட்டைப் பற்றி நான் கேட்டதற்கு மட்டும், “அது வந்துச்சு அண்ணாச்சி, கோரைதான் முன்னமாதிரி வர மாட்டேங்குது” என்று முடித்துக்கொண்டார்.

அளவில் ஒரு சிக்கல் இருந்தது. வழக்கமான அகலம் மூன்று அடி. சுருட்டினால் மூன்று அடி நீளக் குழல். மருமகள் கொண்டுவரும் பெட்டி வெளியளவு 28 அங்குலம், சக்கரம் போக உள்ளே 26 தேறினால் அதிகம். பட்டுப் பாயைத் துணிபோல மடிக்கலாம், ஆனால் மேலே பாரம் வைத்து நாள்கணக்கில் அழுத்தினால் மடிப்பில் கோரை முறியும் என்றார் அக்கா. ஆகவே இரண்டு அடி அகலம், ஆறு அடி நீளம் என்று பாவைக் குறுக்கிப் போடச் சொன்னேன். இருவர் பெயரையும் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, கீழே 29.8.2025 என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தாமிரபரணியில் குளித்துவிட்டு அப்படியே பத்தமடைக்குப் போனேன். பாதி ஏறியிருக்கிறது. ஆற்றோரத்தில் அறுத்த கோரையைக் காயவைத்து, ஒரு வாரம்போல் தண்ணீரில் ஊறப்போட்டு, உப்பியதும் எடுத்து மறுபடி காயவைத்து, ஒவ்வொரு தண்டையும் கத்தியால் இழை இழையாகக் கிழித்துத்தான் தறிக்குக் கொண்டுவருகிறார்கள். அக்கா ஓர் இழையை நீண்ட மெல்லிய குச்சியின் நுனியில் கோத்து, பாவு நூல்களுக்கு நடுவே மறுகரை வரை செலுத்தி, குச்சியை உருவிக்கொண்டு அச்சால் ஒரு தட்டுத் தட்டினார். பின்பு அடுத்த இழை. நான் இருந்த ஒரு மணி நேரத்தில் விரல் கடை அளவுகூட ஏறவில்லை.

பெயர் எழுதும் இடத்தில் என் தவறு ஒன்று வெளிப்பட்டது. மாப்பிள்ளை பெயரில் வரும் ‘ண’வை அவசரத்தில் மூன்று சுழியாக இல்லாமல் இரண்டு சுழியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். “இது இப்படித்தானா அண்ணாச்சி?” என்று அவர் கேட்டுவைத்தது என் அதிர்ஷ்டம், நெய்துவிட்டால் அவிழ்க்க வழியில்லை. ஓய்வுபெறும் வரை தபால் நிலையத்தில் பிறர் முகவரியின் எழுத்துப்பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தவன் நான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பாய் வந்துவிட்டது. இளம் பழுப்பு நிலத்தில் சிவப்புக் கரை, இரு ஓரத்திலும் பச்சைப் பட்டுத் துணி மடித்துத் தைத்தது. பெயர்களின் வளைவுகள் சிறு படிக்கட்டுகளாகத்தான் தெரிகின்றன, ஆனால் ஒரு முழம் தள்ளி நின்றால் ‘ண’வின் மூன்று சுழியும் தெளிவாக இருக்கின்றன. மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 540 கிராம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நான் வெளியே போயிருந்த நேரத்தில் மனைவி பாயைச் சுருட்டி, மினுக்குத் தாளில் சுற்றி, நான்கு இடத்தில் ரிப்பன் கட்டி வைத்துவிட்டாள். பார்க்க அழகுதான். ஆனால் கோரை என்பது செடி. அதை அறிவித்தே ஆகவேண்டும், அதிகாரி திறந்து பார்க்கவும் செய்வார். அவர் முன்னால் தாளைக் கிழித்துக்கொண்டிருப்பதைவிட, எடுத்ததும் விரியும்படி இருப்பதே நல்லது என்று சொல்லிப் பிரித்தேன். சிறிது மனத்தாங்கல். பின்பு இருவருமாக நிழலில் விரித்து, மென்மையான தூரிகையால் இருபுறமும் தட்டி, மண்ணோ கோரைப் பூவோ ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மறுபடி சுருட்டி, ஒளி ஊடுருவும் உறையில் போட்டு, நாடாவால் ஒரு முடிச்சு. ரிப்பனில் ஒன்றை மட்டும் உறைக்கு மேல் கட்ட அனுமதித்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

திருமணம் நல்லபடியாக முடிந்தது. 21 தட்டுகள், பழம், தேங்காய், மஞ்சள், பட்டுப் புடவை, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, மிட்டாய். அவற்றில் விமானம் ஏறுவது புடவையும் பாயும்தான், மற்றவை இங்கேயே பங்கு பிரிந்துவிடும். தட்டை எண்ணியவர்களுக்கும் குறையில்லை.

மண்டபம் சிரித்தது உண்மை. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஏதோ சொன்னார்கள், அவர் காது சிவந்தது. பிறகு தங்கை பாயைப் பிரித்து இருவரையும் அதன்மேல் உட்காரவைத்ததும் எல்லோரும் குனிந்து பெயரைப் படிக்கத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையின் பாட்டி மட்டும் படிக்கவில்லை; ஓரத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “நூத்திருபதா?” என்று என்னிடம் கேட்டார்.

செப்டம்பர் 6, சனி

பெட்டி கட்டும் நாள். தொங்கு தராசில் மாட்டித் தூக்கியதில் முதல் பெட்டி 31.2, இரண்டாவது 30.4. வெளியே எடுத்தவை: யாரோ கொடுத்த பித்தளைச் சொம்பு, இரண்டு எவர்சில்வர் டப்பா, ஒரு கண்ணாடிச் சட்டம், பருப்புப் பொடியில் பாதி. பாய் பெட்டியின் மேல் ஓரமாக, புடவைகளுக்கு அணைவாக, நீளவாக்கில் சரியாக உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் ஒவ்வோர் அங்குலம் மிச்சம். அட்டையில் எந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று குறிக்கவேண்டும் என்பதை மருமகள் எனக்கே பாடமாகச் சொன்னாள்.

செப்டம்பர் 8, திங்கள்

போய்ச் சேர்ந்துவிட்டார்கள். விமான நிலையத்தில் அதிகாரி உறையிலிருந்து எடுத்து இரண்டு அடி விரித்து, இருபுறமும் பார்த்து, இது என்ன எழுத்து என்று கேட்டிருக்கிறார். தமிழ், எங்கள் இருவரின் பெயர் என்று மாப்பிள்ளை சொன்னாராம். பாயைத் திரும்பச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, பொடி டப்பாக்களைத்தான் நெடுநேரம் பார்த்திருக்கிறார்.

மாலையில் மருமகள் படம் அனுப்பியிருந்தாள். கூடத்தில் பாயை விரித்து, அதன் மேல் உட்கார்ந்து இருவரும் தட்டில் ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே ஒரு கேள்வி: “மாமா, ரசம் கொட்டிருச்சு, துவைக்கலாமா?” ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும், வெயிலில் போடாதே என்று எழுதி அனுப்பினேன்.