22 அறை விடுதிக்குப் பசுமைச் சான்றிதழ் வாங்கிய அனுபவம்

தேக்கா சந்தைக்கு நடந்துபோகும் தொலைவில், கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டப்பட்டு, மரபுச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்ட பழைய கடைவீடு ஒன்றில் இயங்கும் 22 அறை விடுதிக்கு நான் நிர்வாகி. சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் ஹோட்டல் சங்கமும் 2022இல் வெளியிட்ட திட்டம், நாட்டின் ஹோட்டல் அறைகளில் 60 விழுக்காடு 2025க்குள் அனைத்துலகப் பசுமைச் சான்றிதழ் பெற வேண்டும் என்று இலக்கு வைத்தபோது, அது பெரிய ஹோட்டல்களின் தலைவலி என்றே நினைத்தேன். கழிவுக் கணக்கைக் கட்டாயமாகத் தெரிவிக்கும் விதிகூட 200 அறைகளுக்கு மேற்பட்டவற்றுக்குத்தான். ஆனால், ஊழியர்களை எங்களிடம் தங்கவைத்துவந்த நிறுவனம் ஒன்று சான்றிதழ் கேட்டதும், முதலாளி அந்த வேலையை என் தலையில் வைத்துவிட்டார்.

உலகளாவிய நீடித்த சுற்றுலா மன்றம் (GSTC) இத்தகைய சான்றிதழுக்கான அளவுகோல்களை வகுக்கிறதே தவிர, தானே சான்றிதழ் தருவதில்லை. அதன் அங்கீகாரம் பெற்ற தணிக்கை அமைப்புகளே நேரில் வந்து பார்த்துச் சான்றளிக்கின்றன. இது விளங்கவே எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. நிர்வாகம், உள்ளூர்ச் சமூகம், பண்பாட்டு மரபு, சுற்றுச்சூழல் ஆகிய அதன் நான்கு அளவுகோல் பிரிவுகளில் மரபு மட்டும் சிரமம் தரவில்லை. கடைவீட்டு முகப்பில் கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதையும் மரச் சன்னல்களும் அதற்குச் சாட்சி சொல்லின.

முதலில் நான் செய்தது தவறு. மக்கும் தன்மையுள்ளது என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி, பல்துலக்கிகளையும் குவளைகளையும் பெட்டி பெட்டியாக வாங்கினேன். இங்கே குப்பை எரிக்கப்பட்டு, சாம்பல்தான் குப்பை நிரப்பிடமான செமாக்காவ் தீவுக்குப் போகிறது. எரியப்போகும் பொருள் மக்குமா மக்காதா என்பதால் என்ன பயன்? வேண்டுவோருக்கு மட்டும் வரவேற்பு மேசையில் கொடுக்கலாம் என்று பிறகு மாற்றினோம். அந்தப் பெட்டிகளில் ஒன்று இன்னும் கிடங்கில் இருக்கிறது.

உண்மையான வேலை தண்ணீர்க் கட்டண ரசீதுகளில் இருந்தது. ஓராண்டு ரசீதுகளை எடுத்து, ஒவ்வொரு மாதப் பயன்பாட்டையும் அந்த மாதம் விருந்தினர் தங்கிய இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்தேன். அறைகள் பாதி காலியாகக் கிடந்த மாதத்திலும் தண்ணீர் குறையவே இல்லை. எங்கள் துப்புரவுக் குழுவின் மூத்த அக்காவிடம் காட்டினேன். அவர் ரசீதைப் பார்க்கவே இல்லை. "தம்பி, கேசரிப் பவுடர் இருக்கா?" என்று கேட்டார். ஒவ்வொரு கழிப்பறைத் தொட்டியிலும் ஒரு சிட்டிகை போட்டு, கழிப்பறையில் தண்ணீர் திறந்துவிடாமல் அரை மணி நேரம் விட்டோம். ஏழு அறைகளில் கிண்ணத்தின் பின்புறம் மெல்லிய ஆரஞ்சுக் கோடு இறங்கியிருந்தது. தொட்டியின் அடைப்பு ரப்பர் தேய்ந்து, ஓசையே இல்லாமல் இரவும் பகலும் தண்ணீர் கசிந்திருக்கிறது. 2024, 2025 ஆகிய இரு ஏப்ரல்களிலுமாகக் கன மீட்டருக்கு 50 காசு கட்டணம் கூடிய காலம் அது. சில சிங்கப்பூர் வெள்ளி விலையுள்ள ரப்பருக்காக எவ்வளவு இழந்தோம் என்று கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

குடிநீர்ப் புட்டிகளை நிறுத்தியதில்தான் சச்சரவு எழுந்தது. சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்று எழுதி வைத்தும், ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "காசு மிச்சம் பிடிக்க இப்படியா?" என்று நேராகவே கேட்டார். கீழ்த்தளத்தில் ஒரு வடிகட்டி இயந்திரம் வைத்ததும் புகார்கள் நின்றன. அது தேவையற்ற இயந்திரம் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் நம்பிக்கைக்கு அந்த விலை கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். விருந்தினர் அறை அட்டையை எடுத்துக்கொண்டு போனதும் குளிரூட்டி நிற்பதற்காகப் பொருத்திய அட்டைச் செருகியில் பேரங்காடி உறுப்பினர் அட்டையைச் செருகிவிட்டு வெளியே போகும் விருந்தினருக்கு மட்டும் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

தணிக்கையாளர் ஒரு நாள் முழுதும் இருந்தார். கொள்கை ஆவணங்களை வேகமாகப் புரட்டியவர், அக்கா கையால் எழுதிய கசிவுச் சோதனை நோட்டை மட்டும் பக்கம் பக்கமாகப் படித்தார். பிறகு அக்காவையே ஒரு தொட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். சான்றிதழ் கிடைத்தது, ஒரு குறையோடு: படுக்கை விரிப்புகளைத் துவைக்க நாங்கள் கொடுக்கும் வெளிச் சலவையகத்தின் தண்ணீர்ப் பயன்பாட்டுக் கணக்கு எங்களிடம் இல்லை. அதைக் கேட்டு மூன்று முறை கடிதம் எழுதிவிட்டேன். நான்காவது முறை எழுதாமல், அக்காவை அழைத்துக்கொண்டு நேரில் போகலாம் என்றிருக்கிறேன்.